பாடநூலும் பொது அறிவு நூலும் எழுதுகிறவர்களுக்கு: நாட்காட்டிக் கதைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்

அன்புள்ள நூலாசிரியர்களே, வினாத்தாள் தயாரிப்பவர்களே,

வணக்கம். நாட்காட்டியைப் பற்றி நீங்கள் எழுதும் பக்கங்களுக்காகத்தான் இந்தக் கடிதம். பக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. பாடத்தின் ஓரத்தில் கட்டம் கட்டிய நான்கு வரிகள், மேலே ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஒரு தலைப்பு, உள்ளே சுவையான ஒரு கதை. முக்கியமான பாடம் இல்லை என்பதால் அதை யாரும் சரிபார்ப்பதில்லை. ஆனால் படிக்கிற பிள்ளைகளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோனாலும் அந்தக் கட்டத்துச் செய்தி மறப்பதில்லை. பெரியவர்களான பிறகு தங்கள் பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறார்கள்.

நான் கணக்குப் பாடம் நடத்துகிறவன். அதனால் எனக்கு இதில் வருத்தம் கொஞ்சம் அதிகம். வரலாற்றுச் செய்திகள் பலவற்றைச் சரிபார்க்க வேண்டுமானால் ஆவணங்களைத் தேடிப் போக வேண்டும். நாட்காட்டியைப் பற்றிய பெரும்பாலான செய்திகளுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். கூட்டல், பெருக்கல், ஏழால் வகுத்தல், அவ்வளவுதான். ஒரு செய்தி உண்மையா என்று தானே சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை இவ்வளவு எளிதாகக் கற்றுக்கொடுக்க வேறு பாடம் இல்லை. அந்த இடத்தில் நாம் சோதிக்காத கதைகளை அச்சடித்துக் கொடுக்கிறோம்.

முதலில் அகஸ்டஸ் கதையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதிகம் அச்சாவது அதுதான். ஜூலியஸ் சீசர் மாதங்களுக்கு 31, 30, 31, 30 என்று ஒழுங்காக நாள் பிரித்து வைத்தாராம். அவர் பெயர் கொண்ட ஜூலைக்கு 31 நாள் இருந்ததாம். பின்னால் ரோமின் பேரரசராக வந்த அகஸ்டஸ், தன் பெயருள்ள மாதத்துக்கு மட்டும் 30 நாளா என்று பொறாமைப்பட்டு, பிப்ரவரியிலிருந்து ஒரு நாளை எடுத்து ஆகஸ்டில் சேர்த்துக்கொண்டாராம். பிப்ரவரி 28 நாளாகச் சுருங்கியது அதனால்தானாம். மனித சுபாவத்துக்குப் பொருந்துகிற கதை, நம்பத் தோன்றுவதும் இயல்பு. ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை.

சீசர் கைவைப்பதற்கு முன்பே ரோமானியர்களின் பிப்ரவரிக்கு 28 நாள்தான். மார்ச், மே, குவின்டிலிஸ் (ஜூலையின் பழைய பெயர்), அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களுக்கும் 31 நாள். மீதி ஏழு மாதங்களுக்கும் 29 நாள். கூட்டிப் பாருங்கள்: நான்கு 31 சேர்ந்தால் 124, ஏழு 29 சேர்ந்தால் 203, பிப்ரவரியின் 28. மொத்தம் 355. இது ஊகமும் இல்லை. சீசருக்கு முந்தைய காலத்து நாட்காட்டி ஒன்று, சுவர்ச் சாந்தின் மேல் வண்ணத்தில் எழுதப்பட்டது, இத்தாலியின் ஆன்சியோ நகரில் கிடைத்திருக்கிறது. மாதங்களின் நீளம் அதில் இப்படித்தான் இருக்கிறது.

355 நாள் ஆண்டு பருவங்களோடு ஒத்துப்போகாது. அதனால் சில ஆண்டுகளில் பிப்ரவரியை முன்னதாகவே முடித்துவிட்டு ஓர் இடைமாதத்தைச் செருகுவார்கள். செருகுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற அதிகாரம் குருமார்களிடம் இருந்தது. அரசியலில் வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டு நீளும், வேண்டாதவர் இருந்தால் சுருங்கும். கடைசியில் மாதத்துக்கும் பருவத்துக்கும் சம்பந்தமே இல்லாத நிலை வந்தது. அதைச் சரிசெய்ய சீசர் கி.மு. 46ஆம் ஆண்டை 445 நாள் வரை நீட்டினார். அடுத்த ஆண்டிலிருந்து 365 நாள், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூடுதல். அலெக்சாண்ட்ரியாவைச் சேர்ந்த சோசிஜெனிஸ் என்ற வானியலாளர் இதற்கு ஆலோசனை தந்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்.

355ஐ 365 ஆக்க வேண்டுமானால் பத்து நாள் சேர்க்க வேண்டும். சீசர் அதை எப்படிப் பங்கிட்டார் என்பதைப் பிற்கால ரோமானிய எழுத்தாளர் மக்ரோபியஸ் விவரமாக எழுதிவைத்திருக்கிறார். ஜனவரி, செக்ஸ்டிலிஸ், டிசம்பர் மூன்றுக்கும் இரண்டிரண்டு நாள். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் நான்குக்கும் ஒவ்வொரு நாள். ஆறும் நான்கும் பத்து, கணக்கு முடிந்தது. பாதாளத் தெய்வங்களுக்கான சடங்குகள் குலையக் கூடாது என்று பிப்ரவரியை அவர் தொடவேயில்லை. இதில் வரும் செக்ஸ்டிலிஸ்தான் பிற்காலத்து ஆகஸ்ட். அதற்கு 31 நாள் கொடுத்தது சீசர். கி.மு. 8இல் ரோமானிய செனட் அந்த மாதத்துக்கு அகஸ்டஸின் பெயரைச் சூட்டியபோது நாள் எண்ணிக்கையில் எந்த மாற்றமும் வரவில்லை. பொறாமைக் கதையை எழுதிவைத்தவர் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாக்ரோபோஸ்கோ என்ற வானியல் அறிஞர். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 1,200 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட ஒன்றை இன்னும் எத்தனை பதிப்புகளுக்குக் கொண்டுபோகப் போகிறோம்?

அகஸ்டஸ் நாட்காட்டிக்கு உண்மையில் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதை எந்தக் கட்டத்திலும் நான் பார்த்ததில்லை. சீசர் கொலையுண்ட பிறகு, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சேர்க்க வேண்டிய நாளைக் குருமார்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்துக்கொண்டு வந்தார்கள். தொடக்க ஆண்டையும் சேர்த்து எண்ணுவது ரோமானியர் வழக்கம். அதனால் வந்த பிழை இது. 36 ஆண்டுகளில் ஒன்பது நாள் சேர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு சேர்ந்துவிட்டது. அகஸ்டஸ் அடுத்து வந்த சில லீப் நாட்களை நிறுத்திவைத்து அந்த மூன்று நாளையும் ஈடுகட்டினார். எண்ணத் தொடங்குவது பூஜ்யத்திலிருந்தா ஒன்றிலிருந்தா என்ற குழப்பம் ஒரு பேரரசின் நாட்காட்டியையே பிசகவைத்திருக்கிறது. வகுப்பில் சொல்வதற்கு இதைவிட நல்ல கதை வேறு என்ன வேண்டும்!

இதோடு ஒட்டிய இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஜூலையும் ஆகஸ்டும் நடுவில் புதிதாக நுழைந்ததால்தான் செப்டம்பர் முதலான மாதங்கள் இரண்டு இடம் பின்னால் தள்ளப்பட்டன என்று எழுதுகிறார்கள். அந்த இரண்டும் புதிய மாதங்கள் அல்ல, பெயர் மட்டுமே புதிது. மார்ச்சில் தொடங்கிய ஆண்டை ஜனவரியில் தொடங்கியதால் வந்த இடமாற்றம் அது, சீசருக்கு முன்பே நடந்துவிட்டது.

சரி, லீப் ஆண்டுக்கு வருவோம். ‘4ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடும் நூல்கள் இன்னும் இருக்கின்றன. அரை விதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, 1900 லீப் ஆண்டா என்று வினாத்தாளில் கேட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? முழு விதி இவ்வளவுதான்: 4ஆல் வகுபட்டால் லீப். 100ஆலும் வகுபட்டால் லீப் இல்லை. 400ஆலும் வகுபட்டால் மறுபடி லீப். அதன்படி 1700, 1800, 1900 மூன்றும் சாதாரண ஆண்டுகள். 1600, 2000 இரண்டும் லீப். 2100 லீப் இல்லை. இன்று தொடக்கப் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளில் சிலர் அந்த ஆண்டைப் பார்க்கப் போகிறார்கள். இந்தத் தவறு உலகெங்கும் பயன்படும் மென்பொருளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எக்செல் 1900ஐ லீப் ஆண்டாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும், இல்லாத பிப்ரவரி 29ஐக் காட்டும். அதற்கு முன்பு புழக்கத்தில் இருந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளோடு ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்தே வைத்த பிழை அது.

விதி ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள். பருவங்கள் ஒரு சுற்று சுற்றி வர ஏறக்குறைய 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 நொடி ஆகிறது. சீசரின் நாட்காட்டி அதை 365 நாள் 6 மணி என்று எடுத்துக்கொண்டது. ஆண்டுக்கு 11 நிமிடச் சொச்சம் மிகை. அற்பமாகத் தெரிகிற இந்த 11 நிமிடம் ஏறக்குறைய 128 ஆண்டுகளில் ஒரு முழு நாளாகிவிடும். நூற்றாண்டு விதியைச் சேர்த்த பிறகு ஆண்டின் சராசரி 365.2425 நாள், அதாவது 365 நாள் 5 மணி 49 நிமிடம் 12 நொடி. மிகை இப்போது அரை நிமிடம்கூட இல்லை. ஒரு நாள் பிசக மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அப்புறம், ‘4000ஆல் வகுபடும் ஆண்டு லீப் ஆகாது’ என்றும் சில நூல்களில் பார்க்கிறேன். அப்படி ஒரு யோசனையை ஜான் ஹெர்ஷல் என்ற வானியலாளர் முன்வைத்தது உண்மை. ஆனால் எந்த நாடும் அதை ஏற்கவில்லை. அது நடைமுறையில் உள்ள விதி இல்லை, யோசனை மட்டும்தான்.

அடுத்து 1582, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டி வந்த ஆண்டு. இங்கே குழப்பம் பல அடுக்காக இருக்கிறது. போப் பதின்மூன்றாம் கிரிகோரி ‘கண்டுபிடித்த’ நாட்காட்டி என்று எழுதுகிறீர்கள். அவர் செய்தது ஆணையிட்டது. திட்டம் போட்டவர் தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த லூயிஜி லிலியோ என்ற மருத்துவர். தன் திட்டம் நடைமுறைக்கு வந்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, 1576இலேயே இறந்துவிட்டார். அவருடைய கையெழுத்துப் பிரதியைப் போப் அமைத்த குழுவின் முன் வைத்தவர் அவருடைய சகோதரர். அதை விளக்கி, எதிர்ப்புகளுக்கெல்லாம் பதில் எழுதியவர் கிறிஸ்டோபர் கிளாவியஸ் என்ற இயேசு சபைக் கணிதர். ஒரு மருத்துவரின் பெயரையும் ஒரு கணிதரின் பெயரையும் சேர்த்து அச்சிட ஒரு வரி போதும்.

புதிய முறைக்கு மாறும்போது தேதியில் பத்து நாளைத் தாண்டினார்கள். சீசர் காலத்திலிருந்து சேர்ந்த பிழையை அந்தப் பத்து நாள் சரிசெய்தது என்றும் எழுதப்படுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கி.மு. 45 முதல் 1582 வரை 1,626 ஆண்டுகள். 128ஆல் வகுத்தால் பன்னிரண்டுக்கு மேல் வருகிறது. பிறகு ஏன் பத்து நாள்? அவர்கள் திரும்பிப் போக விரும்பியது சீசர் காலத்துக்கு அல்ல, கி.பி. 325இல் நைசியாவில் கூடிய திருச்சபைச் சங்கத்தின் காலத்துக்கு. ஈஸ்டர் நாளைக் கணிக்க வசந்தகாலச் சம இரவு நாள் மார்ச் 21ஐ ஒட்டி வரவேண்டும் என்பதுதான் நோக்கம். 1582இல் அது மார்ச் 11க்கு நகர்ந்துவிட்டிருந்தது. 325 முதல் 1582 வரை 1,257 ஆண்டுகள், 128ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட பத்து. இந்த ஒரு வகுத்தலைப் போட்டாலே அந்த வாக்கியம் தவறு என்று தெரிந்துவிடும்.

மார்ச் 21 பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன்: சம இரவு நாள் எப்போதும் மார்ச் 21 என்று அச்சிடுவதை நிறுத்திவிடலாம். உலக நேரப்படி இந்த நூற்றாண்டில் 2003, 2007 ஆகிய ஆண்டுகளில் மட்டுமே அது 21ஆம் தேதி வந்தது. இனி இந்த நூற்றாண்டு முடியும் வரை 20ஆம் தேதியோ 19ஆம் தேதியோதான்.

1582 அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. இதைச் சொன்னதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, அந்தப் பத்து நாளும் எங்கே போயின என்பது. எங்கும் போகவில்லை. அக்டோபர் 4 வியாழக்கிழமை, மறுநாள் வெள்ளிக்கிழமை. கிழமை வரிசை ஒரு நாள்கூட அறுபடவில்லை. யாருடைய ஆயுளிலும் ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை. மாறியது நாளுக்கு இட்ட எண் மட்டும். ஆவிலாவின் புனித தெரசா அந்த இரவில்தான் இறந்தார். அவர் இறந்த இரவு 4ஆம் தேதியில் தொடங்கி 15ஆம் தேதியில் விடிந்தது. திருச்சபை அவருடைய திருநாளை இன்றும் அக்டோபர் 15இல் கொண்டாடுகிறது. இந்த ஒரு எடுத்துக்காட்டைச் சொன்னால் போதும், பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

விளங்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2020ஆம் ஆண்டே சாட்சி. ‘நாம் உண்மையில் இருப்பது 2012இல், மாயன் நாட்காட்டி சொன்ன உலக அழிவு இனிமேல்தான்’ என்று ஒரு செய்தி அந்த ஆண்டு உலகம் முழுக்கச் சுற்றியது. அதன் கணக்கு இது: கிரிகோரியன் முறைக்கு மாறியதால் ஆண்டுக்கு 11 நாள் இழக்கிறோம், 1752 முதல் 2020 வரை 268 ஆண்டுகள், 268ஐ 11ஆல் பெருக்கினால் 2,948 நாள், 365ஆல் வகுத்தால் எட்டு ஆண்டுகள். பெருக்கலும் வகுத்தலும் சரி. அடிப்படைதான் தவறு. 11 நாள் தாண்டியது ஒரே ஒரு முறை, ஆண்டுதோறும் அல்ல. தாண்டியதும் எண்கள்தான், நாட்கள் அல்ல. நன்றாகப் படித்தவர்கள்கூட அதை நம்பிப் பகிர்ந்தார்கள். பள்ளியில் ‘பத்து நாளை நீக்கினார்’ என்று மட்டும் படித்தவர்களை எப்படிக் குறை சொல்வது?

அந்தச் செய்தியில் வந்த மாயன் கணக்கையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 2012 டிசம்பர் 21இல் முடிந்தது, ஒவ்வொன்றும் 1,44,000 நாள் கொண்ட பதின்மூன்று பக்துன்கள் அடங்கிய ஒரு சுற்று. சுற்று முடிந்தால் அடுத்த சுற்று. மெக்சிகோவின் பலென்கேயில் உள்ள மாயன் கல்வெட்டு ஒன்று கி.பி. 4772இல் வரும் ஒரு தேதியைக் குறிப்பிடுகிறது. உலகம் 2012இல் முடியும் என்று நினைத்தவர்கள் அதைப் பொறித்திருக்க மாட்டார்கள்.

மேலே வந்த 11 நாள் பிரிட்டன் மாறியபோது தாண்டியது. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து நான்கும் 1582 அக்டோபரிலேயே மாறிவிட்டன. பிரான்ஸ் அந்த ஆண்டு டிசம்பரில் மாறியது. பிரிட்டன் 1752 வரை காத்திருந்தது. இடையில் 1700 வந்தது, பழைய முறையில் லீப், புதிய முறையில் இல்லை. அதனால் இடைவெளி 11 ஆயிற்று. 1752 செப்டம்பர் 2 புதன்கிழமை, மறுநாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை. ரஷ்யா மாறிய 1918இல் இடைவெளி 13. அக்டோபர் புரட்சியின் ஆண்டு நாள் நவம்பர் 7இல் வருவது இதனால்தான். சுவீடனின் வழி இன்னும் வேடிக்கையானது. 1700 முதல் நாற்பது ஆண்டுகளில் லீப் நாட்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டு மெல்ல மாறலாம் என்று திட்டமிட்டார்கள். முதல் நாளைக் கைவிட்ட பிறகு திட்டத்தைத் தொடரவில்லை. கடைசியில் பழைய முறைக்கே திரும்ப 1712 பிப்ரவரிக்கு 30 நாள் கொடுக்க வேண்டிவந்தது. அச்சில் பிப்ரவரி 30 என்று பார்த்தால் உடனே அச்சுப்பிழை என்று அடித்துவிட வேண்டாம், சுவீடனில் அப்படி ஒரு நாள் இருந்தது.

‘எங்கள் பதினோரு நாளைத் திருப்பிக் கொடு’ என்று 1752இல் இங்கிலாந்து மக்கள் தெருவில் இறங்கிக் கலவரம் செய்தார்கள் என்பதையும் பல நூல்கள் நடந்த நிகழ்ச்சியாகவே தருகின்றன. அப்படிக் கலவரம் நடந்ததற்கு அந்தக் காலத்து ஆதாரம் எதையும் வரலாற்றாய்வாளர்கள் காணவில்லை. வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் 1755இல் வரைந்த தேர்தல் விருந்து ஓவியத்தில், தரையில் கிடக்கும் ஒரு பதாகையில் அந்த வாசகம் இருக்கிறது. தேர்தல் பிரசாரத்தைக் கிண்டல் செய்து வரைந்த படம் அது. பின்னால் வந்தவர்கள் அதையே நடந்த கலவரத்தின் பதிவாக எடுத்துக்கொண்டார்கள். சாதாரண மக்களுக்கு ஒன்றும் தெரியாது, எண் மாறினால் ஆயுள் குறைந்ததாக அழுவார்கள் என்ற எண்ணத்தை இந்தக் கதை பிள்ளைகளின் மனதில் விதைக்கிறது. எனக்கு மிகவும் வலிப்பது அதுதான். அந்தச் சட்டத்தை இயற்றியவர்கள் வாடகை, கடன், ஒப்பந்தம் எல்லாம் முன்பிருந்த அதே நாள் கணக்கில் நடக்க வேண்டும் என்று தெளிவாக எழுதிவைத்திருந்தார்கள்.

அதே சட்டம் இன்னொன்றையும் மாற்றியது. அதுவரை இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு தொடங்கியது மார்ச் 25இல். 1752 முதல் அது ஜனவரி 1 ஆயிற்று. எனவே அங்கே 1751ஆம் ஆண்டுக்கு 282 நாள்தான். இது தெரியாவிட்டால் பழைய தேதிகளைப் படிக்கும்போது ஓராண்டு பிசகும். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது எழுதப்பட்ட தேதி 1731 பிப்ரவரி 11. இன்று நாம் எழுதுவது 1732 பிப்ரவரி 22. இரண்டும் ஒரே நாள்தான்.

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்காக இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். ‘கலிலியோ இறந்த ஆண்டில் பிறந்த அறிவியலாளர் யார்?’ என்று கேட்டு, நியூட்டன் என்று விடை தருகிறீர்கள். கலிலியோ இத்தாலியில் 1642 ஜனவரி 8இல் இறந்தார், அது கிரிகோரியன் தேதி. நியூட்டன் இங்கிலாந்தில் 1642 டிசம்பர் 25இல் பிறந்தார், அது ஜூலியன் தேதி, அதாவது சீசரின் பழைய முறைப்படி. இரண்டையும் கிரிகோரியனில் எழுதினால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. இரண்டையும் ஜூலியனில் எழுதினால் கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29. எந்த நாட்காட்டியில் வைத்துப் பார்த்தாலும் இருவருக்கும் ஒரே ஆண்டு வராது. ஒன்றை இதிலும் மற்றதை அதிலும் எடுத்தால்தான் வரும். சரியாகப் படித்து வந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வியில் மதிப்பெண் போகிறது. ஷேக்ஸ்பியரும் செர்வான்டிஸும் ஒரே நாளில் இறந்தார்கள் என்பதும் இப்படித்தான். 1616 ஏப்ரல் 23 என்ற எண் இருவர் பெயரோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 ஸ்பெயினில் மே 3. யுனெஸ்கோ ஏப்ரல் 23ஐப் புத்தக நாளாகக் கொண்டாடுவதில் எந்தத் தவறும் இல்லை, ஒரே நாளில் இறந்தார்கள் என்று எழுதுவதுதான் தவறு. கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டுகள் கழித்து, 1942 ஜனவரி 8இல் ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்தார் என்று எழுதுங்கள். அது இரண்டும் ஒரே நாட்காட்டியில் உள்ள தேதிகள், தாராளமாகக் கேட்கலாம்.

ஏப்ரல் முதல் தேதி முட்டாள்கள் தினம் கிரிகோரியன் மாற்றத்தால் வந்தது என்ற செய்தியையும் எடுத்துவிடுங்கள். ஏப்ரல் முதல் நாளில் ஒருவரை வீண் வேலைக்கு அனுப்பி ஏமாற்றுவதைப் பற்றி 1561இலேயே ஃபிளெமிஷ் மொழியில் ஒரு கவிதை இருக்கிறது. பிரான்ஸ் ஜனவரி 1ஐ ஆண்டுத் தொடக்கமாக ஆணையிட்டது 1564இல். இரண்டும் 1582க்கு முந்தியவை.

பூஜ்ய ஆண்டு விஷயம் சுருக்கமானது. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் ஒன்றும் இல்லை. 525இல் டயோனீசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி இந்த ஆண்டுக் கணக்கை வகுத்தபோது அவர் பூஜ்யத்திலிருந்து எண்ணவில்லை. அதனால்தான் 21ஆம் நூற்றாண்டு 2001 ஜனவரி 1இல் தொடங்கியது. வானியலாளர்கள் தங்கள் கணக்கு வசதிக்காகப் பூஜ்ய ஆண்டு வைத்துக்கொள்கிறார்கள், வரலாற்றில் அது கிடையாது. கி.மு. 63 செப்டம்பரில் பிறந்து கி.பி. 14 ஆகஸ்டில் இறந்த அகஸ்டஸின் வயது என்ன என்று கேட்டால், 63ஐயும் 14ஐயும் கூட்டி 77 என்று விடைக்குறிப்பில் போடாதீர்கள். ஒன்றைக் கழித்தால் 76. அந்த ஆண்டின் பிறந்தநாள் வருவதற்குள் இறந்துவிட்டதால் 75.

கடைசியாக, உங்களில் யாரும் பாடநூலில் அச்சிடாத, ஆனால் உங்களால் மட்டுமே நிறுத்த முடிகிற ஒன்று. ‘இந்த மாதத்தில் ஐந்து வெள்ளி, ஐந்து சனி, ஐந்து ஞாயிறு வருகிறது. 823 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இப்படி நடக்கும். பத்துப் பேருக்கு அனுப்பினால் பணம் வரும்.’ வாட்ஸ்அப் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது வந்திருக்கும். 31 நாள் உள்ள மாதம் வெள்ளிக்கிழமை தொடங்கினால் இப்படி வந்தே தீரும், ஏனென்றால் 29, 30, 31 மூன்றும் மறுபடி வெள்ளி, சனி, ஞாயிறு. ஆண்டில் 31 நாள் மாதங்கள் ஏழு இருப்பதால் கிட்டத்தட்ட எல்லா ஆண்டிலும் இது நடக்கிறது. 2021 ஜனவரியில் வந்தது, அதே ஆண்டு அக்டோபரில் மறுபடி வந்தது. 2022 ஜூலை, 2023 டிசம்பர், 2024 மார்ச், 2025 ஆகஸ்ட் என்று தொடர்கிறது. பிப்ரவரியில் ஒவ்வொரு கிழமையும் நான்கு முறை வருவதையும் 823 ஆண்டு அதிசயமாகச் சுற்றில் விடுகிறார்கள். 28 நாளில் ஏழு கிழமையும் நான்கு முறை வராமல் வேறு எப்படி வரும்?

இதன் அடியில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது, அதற்காகத்தான் இதைக் கடைசிக்கு வைத்தேன். கிரிகோரியன் முறையில் 400 ஆண்டுகளுக்கு 97 லீப் நாட்கள். 400ஐ 365ஆல் பெருக்கி 97ஐக் கூட்டினால் 1,46,097. அதை ஏழால் வகுத்துப் பாருங்கள், மீதியே இல்லாமல் 20,871 வாரம். அப்படியானால் 400 ஆண்டுக்கு ஒருமுறை தேதியும் கிழமையும் அச்சு மாறாமல் திரும்பி வரும். எந்தத் தேதிக்கும் எந்தக் கிழமைக்கும் உள்ள எந்தச் சேர்க்கையும், வருவதாக இருந்தால், 400 ஆண்டுக்குள் ஒருமுறையாவது வந்துவிடும். 823 ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வருகிற கிழமை அதிசயம் என்று ஒன்று இருக்கவே முடியாது. ஒரு பிள்ளை இந்த வகுத்தலைத் தன் கையால் ஒருமுறை போட்டுவிட்டால், வாழ்நாளில் அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாது. இன்னொன்றும் இதிலிருந்து வருகிறது. 400 ஆண்டுகளில் 13ஆம் தேதிகள் 4,800. அவற்றில் வெள்ளிக்கிழமை வருபவை 688. வேறு எந்தக் கிழமைக்கும் இவ்வளவு இல்லை, வியாழனுக்கும் சனிக்கும் 684தான். பலர் பயப்படும் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை அபூர்வம் இல்லை, 13ஆம் தேதிக்கு அதிகம் வாய்க்கிற கிழமையே அதுதான். பிள்ளைகள் கண்களை விரித்துக் கேட்கும் செய்தி இது, பொய் கலக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த பதிப்பில் அகஸ்டஸ் பொறாமைக் கதையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 355 எப்படி 365 ஆனது என்ற கூட்டலைப் போடுங்கள். லீப் ஆண்டு விதியை எந்த வகுப்பில் சொன்னாலும் முழுதாகச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகளுக்கு நூற்றாண்டு விதி கடினம் என்று நினைத்தால், 1900, 2100 பற்றிய கேள்விகளையாவது அந்த வகுப்பில் கேட்காதீர்கள். 1582 முதல் 1923 வரை உள்ள ஐரோப்பியத் தேதிகளுக்குப் பக்கத்தில் பழைய முறையா புதிய முறையா என்று ஒரு குறிப்புத் தாருங்கள். 1923 என்று சொல்வதற்குக் காரணம், கிரீஸ் அந்த ஆண்டில்தான் மாறியது. விடைக்குறிப்பு எழுதும்போது, கலிலியோ கேள்வி போன்றவற்றுக்கு ‘கேள்வியே தவறு’ என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் கொடுக்க வழி வையுங்கள். ‘உங்களுக்குத் தெரியுமா?’ கட்டத்தின் கீழே ஒரே ஒரு வரி சேருங்கள்: ‘இதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.’ அந்த வரியைப் போட முடியாத நாட்காட்டிக் கதை வந்தால், அச்சுக்கு அனுப்பும் முன் ஆதாரத்தை ஒருமுறை தேடிவிடுங்கள்.

உங்களுக்கு நேரம் குறைவு, பக்கக் கட்டுப்பாடு உண்டு, ஒரு நூலில் ஆயிரம் செய்திகளைச் சரிபார்க்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அச்சுக்குப் போகும் முன் நாட்காட்டிப் பக்கத்தை மட்டும் எந்தக் கணக்கு ஆசிரியரிடம் கொடுத்தாலும் ஒரே மாலையில் பார்த்துத் திருப்பித் தந்துவிடுவார். என்னிடம் கொடுத்தாலும் மகிழ்ச்சியோடு செய்கிறேன்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியர்